டீசலைக் குடித்தது யார்?

“டீசல் திருடுறவனைக் கையும் களவுமாப் பிடிக்க ஒரு வழி சொல்லுங்க, டீச்சர்.”

கேட்டவர் சிங்காரவேலு. கோத்தகிரியில் வாடகைக்கு விட ஒரே ஒரு கார் வைத்திருப்பவர். எந்த மெக்கானிக்கையும் நம்ப முடியாது என்பதற்காகவே ஞாயிறுதோறும், ஐ.டி.ஐ.யில் மோட்டார் பாடம் நடத்தும் எஸ்தர் டீச்சரிடம் இன்ஜின் வேலை கற்றுக்கொள்கிறார். டீச்சரைவிட எட்டு வயது மூத்த மாணவர்.

“யார் மேல சந்தேகம்?”

“வண்டி ஓட்டற லோகு மேலதான். தங்கச்சி புருஷன்னு பார்க்க முடியுமா? மூணு மாசமா டீசல் தண்ணியாச் செலவாகுது. நேத்து வண்டியை விட்டு இறக்கிட்டேன். எடுக்கவே இல்லைன்னு புள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்றான். அந்த முழியே சரியில்லை.”

“இன்ஜின் எப்படி இருக்கு?”

“அரை மணி ஓட்டினாலும் சூடு ஏறலை. ஊர் குளிர், அதை விடுங்க.”

டீச்சர் விடவில்லை. ஆறிக் கிடந்த காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயில் சிங்காரவேலுவின் கையை வைத்தார்.

பேச்சை மாற்றுகிறாரே, லோகு முந்திக்கொண்டு இங்கே வந்து அழுதிருப்பானோ? சிங்காரவேலுவுக்கு டீச்சர் மேலேயும் சந்தேகம் வந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

“அதுக்குள்ள வெதுவெதுன்னு வருதே.”

“வரக்கூடாது. இன்ஜின் நல்லா சூடாகிற வரைக்கும் தண்ணியை இந்தப் பக்கம் விடாம ஒரு வால்வு அடைச்சு நிக்கணும். அணைச்சுட்டுக் கழட்டிப் பாருங்க.”

வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“பார்த்தீங்களா! இதையும் வித்துத் தின்னுட்டான்!”

திருடன் அகப்பட்டான் என்று அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

“சூடேறாத இன்ஜின் டீசலை அதிகமாக் குடிக்கும்” என்றார் டீச்சர். “வண்டி கடைசியா எங்க கொதிச்சுது?”

“சித்திரையில, மேட்டுப்பாளையத்துல. நான்தான் ஓட்டிட்டுப் போனேன். நம்ம வெயிலுக்கு இந்த வால்வே ஆகாது, இருந்தா மறுபடியும் கொதிக்கும்னு ரோட்டோர மெக்கானிக் ஒருத்தன் சொன்னான். நான்தான் கழட்டி வீசச்...”

சிங்காரவேலு அந்தக் காலி இடத்தை மறுபடி எட்டிப் பார்த்தார்.

டீச்சர் பெட்டியிலிருந்து ஒரு புது வால்வை எடுத்து நீட்டினார். சிங்காரவேலு அதை மாட்டினார். ஒரு போல்ட்டை இரண்டு தரம் கீழே போட்டார்.

“இப்பவே லோகு வீட்டுக்குப் போறேன், டீச்சர். கதவைச் சாத்திட்டு, பக்குவமா மன்னிப்புக் கேட்டுடறேன்.”

“அவரைத் திருடன்னு எங்க வச்சுச் சொன்னீங்க?”

“கார் ஸ்டாண்டுல. எல்லாரும் இருந்தாங்க.”

டீச்சர் பானெட்டை மூடினார்.

“அப்ப அவரை ஏத்திக்கிட்டு வண்டியை ஸ்டாண்டுக்கு விடுங்க.”