கண்ணாடிப் பேழையில் நின்ற மல்லன்

ஒரு காலத்தில் மணிமுத்து நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அதிசயம் என்று எதைக் கண்டாலும் கொலுமண்டபத்தில் வைத்து ஊருக்குக் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஏழடி உயர மல்லன் வீரபுத்திரன் காய்ச்சலில் இறந்துபோனான். ராஜாவைக் குளிர்விக்கக் காத்திருந்த ஆஸ்தானக் கலைஞர் கஸ்தூரிரங்கர், உடலை மூலிகைத் தைலத்தில் பதப்படுத்தி, தொடை தட்டும் கோலத்தில் கொலுமண்டபத்துக் கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்திவிட்டார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

மல்லனின் மனைவி அழகுநாச்சி சபைக்கு ஓடிவந்தாள். "எம் புருசனைக் குடுத்துடுங்க மகாராசா. கொள்ளி வச்சு அனுப்பிடுறேன்."

"உயிரோடு இருந்தபோதும் கூட்டத்தின் நடுவில் நின்றவன்தானே? இப்போது என்ன குறைந்துவிட்டது?" என்றார் ராஜா.

"அப்பல்லாம் கூட்டம் கலைஞ்சதும் வீட்டுக்கு வந்துடுவாரு."

மந்திரி மங்கைபாகர் அவளுக்காகப் பேச வாயெடுத்தார். ராஜாவோ "நாளை பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டார். அவரிடம் நியாயம் பேசுவதைவிட அவர் வயிற்றிடம் பேசுவது சுலபம் என்பது மந்திரிக்குத் தெரியும். மடைப்பள்ளிக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். வாழையிலை போட்டிருந்தது. அதில் உப்புக்கூட இல்லை.

"சோறு எங்கே?"

"சவம் எடுக்காத வீட்டில் அடுப்பு மூட்டுவார்களா பிரபு?" என்றார் மந்திரி. அவருக்கும் பசிதான்.

விஷயம் கேள்விப்பட்டு கஸ்தூரிரங்கர் பாய்ந்து வந்தார். "அது சவமே இல்லை, கலைப்பொருள். மந்திரிக்கு என்மேல் வயிற்றெரிச்சல்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். நாளை உங்கள் மகளுக்குக் கல்யாணமாயிற்றே. அரசர் வீட்டுச் சீராக அந்தக் கலைப்பொருளை மணமேடை பக்கத்தில் நிறுத்திவிடலாம்" என்றார் மந்திரி.

"பேஷ், இன்றே அனுப்புங்கள்" என்றார் ராஜா.

கஸ்தூரிரங்கருக்கு முகம் வெளுத்தது. "கல்யாண வீட்டுக்குப் பிணத்தையா அனுப்புவது?" என்று கத்தியேவிட்டார்.

முதலில் சிரித்தவர் ராஜாதான். சிரிப்பு அடங்கியதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"என் வீட்டில் இருந்தால் கலைப்பொருள், உம் வீட்டுக்கு வந்தால் பிணமா?" என்றவர், அழகுநாச்சியை வரவழைத்தார். "உன் புருஷனை அழைத்துப் போ அம்மா. சுடுகாடு வரை நானும் வருகிறேன்."

ராஜமரியாதையோடு பாடை கிளம்பியது. ராஜா உத்தரவுப்படி கால்மாட்டில் தோள் கொடுத்த கஸ்தூரிரங்கருக்கு வழியெல்லாம் மூச்சு வாங்கியது. ஏழடி மல்லன் என்றால் சும்மாவா!

எல்லாம் முடிந்து சபை கூடியது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு காலிப் பேழையைப் பார்த்தார்.

"கஸ்தூரிரங்கரே, இதில் நீர் ஏறி நில்லும். உம்மைக் கேட்டுத்தான் நிறுத்துவேன். சம்மதமா?"

"வேண்டாம் பிரபு, வேண்டாம்." அவர் தலையாட்டிய வேகத்தில் தலைப்பாகை கழன்று விழ, சபை வயிறு வலிக்கச் சிரித்தது.

ராஜாவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் என்று சொல்ல உமக்கு வாய் இருக்கிறது. அவனுக்கு இல்லை. அவனுக்காக ஒருத்தி வந்து சொன்னாள், நம் காதில்தான் விழவில்லை."