பட்டுக்கயிறும் கல்தொட்டித் தண்ணீரும்

ரொம்ப ரொம்ப முந்தி தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைச் செங்கோடவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். காலையில் ஒன்று நினைப்பான், மத்தியானம் வேறொன்று நினைப்பான், நடுவில் விடாமல் சாப்பிடுவான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். பட்டாபிஷேகத்தன்று ராஜாவின் இடுப்பைப் பட்டுக்கயிற்றால் அளந்து, கயிற்றைப் பூஜையில் வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் ராஜாவின் இடுப்பு அளவு என்றால் அந்தக் கயிறுதான். வேறு கயிறு அவன்மேல் படக்கூடாது. தையற்காரர் கயிற்றைக் கும்பிட்டுவிட்டு, துணியை மட்டும் வருஷாவருஷம் சத்தமில்லாமல் அகலமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் ராஜா ஒருநாள் மலைக்கோயிலுக்குப் போனான். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். திரும்பி வந்ததும், தன் உடம்பில் கொழுப்பு ஏறிவிட்டதா என்று சபையைக் கேட்டான். சபை மேற்கூரையைப் பார்த்தது. காரியக்காரர் மூக்கப்பர் மட்டும் எழுந்துபோய்த் தாம்பாளத்தில் பட்டுக்கயிற்றைக் கொண்டுவந்தார்.

"ஒரு விரற்கடைகூட ஏறவில்லை மகாராஜா. பட்டம் கட்டிய அன்றைக்கு இருந்த அதே இடுப்பு."

"அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?"

மூக்கப்பர் இதற்குத்தான் காத்திருந்தார். மடைப்பள்ளித் தலைமைமேல் அவருடைய மைத்துனனுக்கு வெகுநாளாக ஒரு கண். உடம்பு பெருக்காமல் மூச்சு மட்டும் வாங்குகிறதென்றால் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றார். ராஜாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மடைப்பள்ளித் தலைவன் சாத்தையனைப் பிடித்துவந்து நிறுத்தினார்கள். அவனுக்கு உண்மை தெரியும். பொங்கலின்மேல் நெய் விரல்கணு உயரத்துக்கு நிற்கவேண்டும் என்பது ராஜாவே போட்ட உத்தரவு. ஆனால் ராஜா பருத்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொன்னால் ராஜநிந்தனை, தலை போகும். சொல்லாவிட்டால் விஷம் வைத்த குற்றம், அதற்கும் தலை போகும். சாத்தையன் நெய்வாடை வீசும் தன் கைகளைப் பார்த்தபடி நின்றான்.

அப்போது மந்திரி அறவாழியார் எழுந்தார். கயிறே இல்லாமல், குளிக்கிற இடத்திலேயே உடம்புக் கொழுப்பை அளந்துவிடலாம், கொழுப்பு இல்லையென்று தெரிந்தால் சாத்தையன் தலையை எடுக்கலாம் என்றார். தலை எடுப்பதைவிட அளப்பது புதிதாக இருந்ததால் ராஜா சம்மதித்தான்.

அன்று சாயங்காலம் மந்திரி மடைப்பள்ளிக்கு வந்தார். காவலுக்கு நடுவே சாத்தையனிடம் ஆட்டிறைச்சியும் உறைந்த நெய்யும் ஒரே எடையில் கேட்டார். நிறைந்த பானைக்குள் இறைச்சியைப் போட்டார், முங்கியது. நெய்யைப் போட்டார், மிதந்தது. விரலால் அழுத்தி முக்கினால், இறைச்சி தள்ளியதைவிட நிறையத் தண்ணீர் வழிந்தது.

"பார்த்தாயா, எடை ஒன்றுதான். கொழுப்புக்கு இடம் அதிகம் வேண்டும்" என்றார். பிறகு இறைச்சியோடு பாதி நெய், கால் நெய் என்று மாற்றி மாற்றிச் சேர்த்து முக்கி, வழிகிற தண்ணீரை அளந்து மனதில் போட்டுக்கொண்டார். சாத்தையன் பானையைப் பார்க்கவில்லை. நாளைக்குத் தன் கழுத்து இருக்குமா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை, ராஜா ஒன்றும் சாப்பிடுவதற்கு முன், குளியலறைக் கல்தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்கள். துலாபாரத் தராசில் ராஜாவுக்குச் சரியாக நிற்கிற, கொழுப்பே இல்லாத ஒரு மல்லனைத் தேடிப்பிடித்தார்கள். எடை ஒன்றாக நின்றதும் மூக்கப்பர், "மல்லனும் மகாராஜாவும் ஒன்று, இதற்குமேல் என்ன அளப்பது" என்றார். மந்திரி, மூச்சை வெளியே விட்டுவிட்டு முங்கும்படி மல்லனிடம் சொன்னார். மல்லன் தலைவரைக்கும் முங்கினான். வழிந்த தண்ணீரைக் குடங்களில் பிடித்து ஓரமாக வைத்தார்கள்.

தொட்டியை மறுபடி நிரப்பினார்கள். ராஜா இறங்குமுன் மூக்கப்பர் அவன் காதோடு, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டால் உடம்பு லேசாகிவிடும் என்றார். மந்திரிக்கும் அது காதில் விழுந்தது. இன்னும் சில குடங்களைக் கொண்டுவரச் சொன்னார்.

ராஜா நெஞ்சு நிறைய மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினான். உடம்பு உள்ளே போகவே மாட்டேன் என்றது. தோளைப் பிடித்து முக்கினார்கள். தண்ணீர் நாலு பக்கமும் ஓடியது. மல்லனின் குடங்களுக்குப் பக்கத்தில் ராஜாவின் குடங்கள் நீளமாக வரிசை கட்டின.

"சொல்லும்" என்றான் ராஜா.

"கணக்குப்படி உடம்பில் பாதி கொழுப்பு, மகாராஜா."

ராஜா சொட்டச்சொட்ட நின்றான். முகம் வெளுத்துவிட்டது. "பாதியா? அப்படியென்றால் நான் பாதிதானா இருக்கிறேன்?"

சாத்தையன் மறுபடி கழுத்தைத் தடவிக்கொண்டான். மந்திரி மட்டும் நிதானமாக, "ஒரு சந்தேகம். உள்ளே அடக்கிய காற்றும் கொழுப்புக் கணக்கில் சேர்ந்திருக்கும். மூச்சை முழுக்க விட்டுவிட்டு இன்னொரு தடவை முங்குங்கள்" என்றார்.

ராஜா உள்ளே இருந்த காற்றையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு முங்கினான். இந்தத் தடவை சில செம்பு தண்ணீர் குறைந்தது.

"மூன்றில் ஒரு பங்கு."

"மூன்றில் ஒன்றுதானே" என்றான் ராஜா. புதையல் கிடைத்தவன் மாதிரி சிரித்தான். "மூன்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? சாத்தையா, நீ போய் அடுப்பைப் பார்."

சாத்தையன் வெளியே வந்ததும் மந்திரியிடம் மெல்லக் கேட்டான். "முதல் தடவையே மூச்சை விடச் சொல்லியிருக்கலாமே சாமி?"

"சொல்லியிருக்கலாம். பாதி என்று ராஜா பயந்த பிறகு கேட்டதால்தான் மூன்றில் ஒன்று இனித்தது. முதலிலேயே கேட்டிருந்தால் உன் தலையோடு என் தலையும் போயிருக்கும்."

ராஜா மூக்கப்பரையும் விடவில்லை. பட்டுக்கயிற்றை அவர் கையில் கொடுத்துத் தன் இடுப்பில் கட்டச் சொன்னான். இரண்டு முனையும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தன, சேரவில்லை. பழைய கயிறு பூஜைக்குப் போகட்டும், இனிமேல் பௌர்ணமிதோறும் காலையில் வெறும்வயிற்றில் புதுக்கயிற்றால் அளந்து, அளவைச் சபையில் உரக்கச் சொல்வது மூக்கப்பர் வேலை, குறைத்துச் சொன்னால் குறைந்த அளவுக்கு அவர் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் என்று உத்தரவாயிற்று.

அன்று மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். சாத்தையன் பொங்கலை வைத்து, வழக்கம்போல நெய்க்கரண்டியைச் சாய்த்தான். பின்னால் புதுக்கயிறோடு நின்ற மூக்கப்பர் சட்டென்று குனிந்து கரண்டிக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். சூடான நெய் கையில் விழுந்தும் அவர் கையை எடுக்கவில்லை.

"போதும் சாத்தையா" என்றார் கெஞ்சுகிற குரலில். "சபையில் நின்று அளவைச் சொல்லப்போகிறவன் நானப்பா."