பொட்டு வெச்ச ஜாக்கி

"பாய், ஊருல ஒருத்தனையும் நம்ப முடியல. கார் அடியில பூந்து பாக்கறது எப்படின்னு எனக்குக் கத்துக்குடு."

கேட்டைத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஏகாம்பரம் இதைச் சொல்லிட்டாரு. தொறந்ததும் ரோட்டை இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. பாய் உள்ள வந்ததும் மறுபடி பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கினாரு.

பாய்னா மஸ்தான் பாய். மெக்கானிக்கு. பூந்தமல்லி ரோட்டுல அவருக்கு ஒரு ஷெட்டு. ஏகாம்பரத்தை விட வயசுல சின்னவரு. கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்னதா சரித்திரமே இல்ல.

மொபெட்டுல இருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கி 'ணங்'குனு தரையில வெச்சாரு.

"மூட்டையில இன்னா?"

"மூட்டையில இருக்கறதுதான்."

ஏகாம்பரத்துக்குச் சுருக்குன்னுது. வரும்போதே இவ்ளோ கனம்னா, போகும்போது எவ்ளோ கனமா போகும்? எதைக் கழட்டி உள்ள போட்டுக்கப் போறானோ. மூட்டை மேல ஒரு கண்ணு வெச்சிக்கினாரு.

அவரு சந்தேகம் லேசுப்பட்ட சந்தேகம் இல்ல. பால்காரன் குவளைக்குள்ள விரலை விட்டு ஆழம் பாப்பாரு. தலையில மழைத்தண்ணி விழுந்தா முதல்ல பக்கத்து வீட்டு மாடியைத்தான் அண்ணாந்து பாப்பாரு.

"கார் அடியில எதுக்குண்ணே போகணும்?"

"ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டேன். சைலன்சர் புதுசு மாட்டிட்டோம்னான். பழசையே தொடைச்சு மாட்டியிருந்தா? நானே போயிப் பாக்கணும்."

"நான் பாத்துச் சொல்றேனே."

"நீ இன்னாத்த சொல்லுவ? அவனும் மெக்கானிக்கு, நீயும் மெக்கானிக்கு."

மஸ்தான் சிரிச்சாரு. "ஞாயம்தான்," னாரு.

ஏகாம்பரம் உள்ள போயி போர்வையில சுத்தி ஒண்ணைத் தூக்கிக்கினு வந்தாரு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கினு வர்ற மாதிரி மெதுவா வந்தாரு. பிரிச்சா, புது ட்ராலி ஜாக்கி. தலையில சந்தனம், குங்குமப் பொட்டு. கழுத்துல ஒரு மொழம் மல்லிகை, காய்ஞ்சு போயி.

"இவனை மட்டும் நம்பலாம் பாய். இரும்பு. பொய் பேசாது."

"ஸ்டாண்டு வாங்கலையா?"

"கடைக்காரன் தலையில கட்டப் பாத்தான். தூக்கறதுக்கு ஜாக்கி இருக்கும்போது தாங்கறதுக்குத் தனியா ஸ்டாண்டு எதுக்கு? நான் ஏமாறுவனா?"

மஸ்தான் குனிஞ்சாரு. ஜாக்கி இருந்த போர்வையைப் பாத்தாரு. நடுவுல ஒரு எண்ணெய்க் கறை.

ஏகாம்பரமும் பாத்துட்டாரு.

"ஏய் தெய்வானை! மறுபடியும் விளக்கு எண்ணெயைக் கொட்டி வெச்சிருக்க பாரு!"

அவரு பொண்டாட்டி தெய்வானை அடுப்பங்கரையில இருந்து எட்டிப் பாத்தாங்க. "நான் ஜாக்கிக்கு விளக்கு ஏத்தினது வெள்ளிக்கிழமை. தரையைத் தொடைச்சிட்டேன். மறுநாளும் எண்ணெய், அதுக்கு மறுநாளும் எண்ணெய். தெனம் எவ ஊத்தறா?"

"அதான் நானும் கேக்கறேன்."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல."

மஸ்தான் கறையைத் தொட்டாரு. மோந்து பாத்தாரு. விரலைப் போர்வையிலேயே தொடைச்சிட்டு, "தூக்குங்கண்ணே," னாரு.

ஏகாம்பரம் ஜாக்கியை வாசல்ல நின்ன கார் அடியில தள்ளினாரு. மஸ்தான் குனிஞ்சு, அது முட்டற இடத்துல விரலை மடக்கித் தட்டினாரு. 'பொத்'துன்னுது. துருவு பொலபொலன்னு உதிர்ந்துது.

"வேற எங்க வெக்கறது பாய்?"

"தட்டிப் பாருங்க. எது வாயைத் தொறந்து பதில் சொல்லுதோ, அங்க."

ஏகாம்பரம் தட்டிக்கினே போனாரு. பொத். பொத். ணங். கனமான இரும்புச் சட்டம். அங்க வெச்சாரு.

மஸ்தான் காரை ஒத்தக் கையால லேசா தள்ளினாரு. அது பாட்டுக்கு ஒரு சாண் உருண்டுது.

"யோவ்!"

ஏகாம்பரம் ஓடிப் போயி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாரு. பின் டயருக்கு முன்னாடி பின்னாடி செங்கல்லு கொடுத்தாரு. அப்புறம் ஜாக்கியைச் சட்டத்துக்கு நேரா வெச்சு, புசுக் புசுக்குன்னு அழுத்தினாரு. காரு மூஞ்சியைத் தூக்கிக்கினு எழுந்துது.

அவருக்குப் பெருமை தாங்கல. துண்டை விரிச்சாரு. மல்லாக்கப் படுத்தாரு.

"இவ்ளோதானா? இதை மறைக்கறதுக்குத்தான் மெக்கானிக்கு எல்லாம் இவ்ளோ பில்டப்பு."

உள்ள நகரப் போனாரு. கால் நகரல. மஸ்தான் பிடிச்சிருந்தாரு.

"இருங்கண்ணே. முதல்ல வேற ஒருத்தன் போகட்டும்."

"எவன்?"

படிக்கட்டுல ஒரு பூசணிக்கா இருந்துது. வாசல்ல திருஷ்டிக்குக் கட்டறதுக்காக ஏகாம்பரமே உக்காந்து மூஞ்சி வரைஞ்சது. முட்டைக் கண்ணு, கோரப் பல்லு, பெரிய மீசை.

"எடுத்துக்கட்டுமாக்கா?" னு மஸ்தான் தெய்வானையைப் பாத்துக் கேட்டாரு.

"தாராளமா எடுத்துக்கோ தம்பி. மீசை மட்டும் இவருதேதான், பாத்தியா?" னாங்க தெய்வானை.

ஏகாம்பரத்தோட தலை எங்க வந்திருக்குமோ, சரியா அங்க, சட்டத்துக்கு நேர் கீழ, பூசணிக்காயைப் படுக்க வெச்சாரு மஸ்தான். இடிக்காம உள்ள போச்சு. மூஞ்சி மேல பாத்தாப்புல.

"வாங்க, காபி குடிப்போம்."

ஏகாம்பரம் எழுந்தாரு. போகும்போது மூட்டையையும் தரதரன்னு இழுத்துக்கினு போனாரு. கூடத்துல உக்காந்து அது மேல காலைப் போட்டுக்கினாரு.

மஸ்தான் காபியை ஊதினாரு. ஒரு வாய் குடிச்சாரு. மறுபடி ஊதினாரு.

எதுக்கு இவன் நேரத்தைக் கடத்தறான்னு ஏகாம்பரத்துக்குப் புரியல. வேலையே தெரியாதோ? இல்ல வேற ஆளு எவனாச்சும் வர்றானோ? சொந்த வீட்டுக் காபியையே ஒருதடவை மோந்து பாத்துக்கினாரு.

வெளியில 'படக்'குன்னு ஒரு சத்தம்.

ஓடிப் போயிப் பாத்தாங்க. காரு பழையபடி கீழ இறங்கி, ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுக்கினு இருந்துது. பூசணிக்கா ஒரு கண்ணு இந்தப் பக்கம், ஒரு கண்ணு அந்தப் பக்கம். அரை மீசை டயர்கிட்ட கெடந்துது.

"எவன் இறக்கிவிட்டது?"

கேட்டைப் பாத்தாரு. பூட்டினபடி. இடுப்பைத் தொட்டாரு. சாவி இருந்துது. மஸ்தானைப் பாத்தாரு. கையில காபி டம்ளர். பக்கத்து வீட்டு மதில் மேல ஒரு பூனை இருந்துது. அதைக் கொஞ்ச நேரம் மொறைச்சாரு.

கடைசியா ஜாக்கியைப் பாத்தாரு. பொட்டு அழியல. பூவு கசங்கல. சுத்தியும் பளபளன்னு எண்ணெய், அதோட வயித்துல இருந்து கசிஞ்சது.

தெய்வானை குனிஞ்சு பாத்தாங்க.

"விளக்கு எண்ணெய்," னாங்க. உள்ள போயிட்டாங்க.

ஏகாம்பரம் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. கை தன்னால போயி மீசையைத் தடவிப் பாத்துது.

மஸ்தான் கூடத்துல இருந்து மூட்டையைக் கொண்டாந்து கவுத்தாரு. அழுக்கேறின பழைய ஜாக்கி ஒண்ணு. இரும்பு ஸ்டாண்டு ரெண்டு.

"இது ரெண்டும் இன்னா பண்ணும் பாய்?"

"ஒண்ணும் பண்ணாதுண்ணே. சும்மா நிக்கும்."

பழைய ஜாக்கியில காரைத் தூக்கினாரு. 'ணங்'குன்னு பதில் சொன்ன சட்டத்துக்குக் கீழ இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு ஸ்டாண்டைக் கொடுத்தாரு. ஜாக்கியை மெள்ள தளர்த்தினாரு. காரு ஸ்டாண்டு மேல உக்காந்துது.

"உள்ள போங்கண்ணே."

ஏகாம்பரம் போகல.

ஸ்டாண்டு கிட்ட குந்தினாரு. பொண்ணுக்கு வரன் பாக்கற மாதிரி மேலயும் கீழயும் பாத்தாரு. "வெல்டிங் யாரு வெச்சது?" னாரு. பதிலுக்குக் காத்துக்கினு இல்லாம அவரே நகத்தால சுரண்டிப் பாத்தாரு. ஸ்டாண்டைப் பூட்டற பின்னு முழுசா உள்ள போயிருக்கான்னு இழுத்துப் பாத்தாரு. பின்னாடி போயி செங்கல்லை ஒதைச்சுப் பாத்தாரு. காரை இடுப்பால ஒரு இடி இடிச்சாரு. அந்தப் பக்கம் போயி இன்னொரு இடி.

காரு அசையல.

திரும்பிப் பாத்தா, மஸ்தான் செருப்பை மாட்டிக்கினு இருந்தாரு.

"பாய், எங்க கிளம்பிட்ட? இன்னும் ஒண்ணுமே கத்துக்குடுக்கலையே!"

"என்னை நம்பித்தான் உள்ள போகப் போறீங்கன்னா சொல்லுங்கண்ணே. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்."

ஏகாம்பரம் காரைப் பாத்தாரு. ஸ்டாண்டைப் பாத்தாரு. மஸ்தானை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாரு.

இடுப்புல இருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் தொறந்துவிட்டாரு.

"போயிட்டு வா, பாய்."