மதகடிக் குடிசை

முன்னொரு காலத்தில் ஏரிமங்கலம் என்ற நாட்டைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அந்தக் காலத்தில் ஏது கணினி என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவன் நான், இருந்தது. பெரிய ஏரியின் மதகையே ஒரு நிரல்தான் திறந்து மூடியது.

நிரலாளர்கள் ஆளுக்கொரு மாற்றம் எழுதுவார்கள். அவற்றைப் பொது நிரலில் எப்படிச் சேர்ப்பது என்று ஒருநாள் சபையில் பேச்சு வந்தது.

“பின்னால் வருகிறவர், முன்னால் சேர்ந்ததோடு தன்னுடையதைப் பொருத்தி, ஒன்றாக ஓட்டிப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும், அரசே” என்றார் அமைச்சர் நப்பின்னை.

அவர் வாயைத் திறந்தாலே சபையிலிருந்த பிரபு வல்லபராயருக்கு வயிறெரியும். “அதுவரை அரசர் காத்திருப்பதா? அவரவர் வேலையை அவரவர் சரிபார்க்கட்டும். மாதக் கடைசியில் மொத்தமாய்ச் சேர்த்துவிடலாம்!” என்றார் அந்தப் பிரபு. ராஜாவுக்குக் காத்திருப்பது என்றால் வேப்பங்காய். உடனே முத்திரை குத்திவிட்டான்.

ஐப்பசி மழை பிடித்தது. நக்கன் என்ற நிரலாளன், ஏரியின் ஆழத்தை அடிக்குப் பதில் முழத்தில் அளக்கும்படி மாற்றினான். சாத்தி என்பவள், முப்பது ஏறினால் மதகு திறக்கட்டும் என்று எழுதினாள். அவள் நினைத்தது முப்பது அடி. தனித்தனியாக இரண்டும் சரி. சேர்ந்தபோது மதகு முப்பது முழத்துக்கு, அதாவது நாற்பத்தைந்து அடிக்குக் காத்திருந்தது. கரை அதுவரை தாங்கவில்லை. கரைக்குக் கீழே, ஊரில் பாதியான கீழூர் முழுதும் வெள்ளத்தில் போயிற்று. சாத்தியின் புருஷனும் கைக்குழந்தையும் அங்கேதான் இருந்தார்கள்.

உடைப்பை அடைத்த பிறகு சபை கூடியது. நக்கனையும் சாத்தியையும் கை கட்டி இழுத்துவந்தார்கள். “இரண்டு பேர் தலையையும் வெட்டுங்கள்!” என்று ராஜா கத்தினான். நக்கன் அழுதான். சாத்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“வெட்டலாம், அரசே. அதற்கு முன் ராயருக்கு ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது” என்றார் நப்பின்னை. “மழை விடவில்லை. இந்த மாத மாற்றங்களும் ராயர் சொன்ன முறைப்படியே இன்று சேரப்போகின்றன. மதகடியில் குடிசை போட்டிருக்கிறேன். ராயர் குடும்பத்தோடு அங்கே தங்கட்டும்.”

வல்லபராயரின் முகம் வெளுத்தது. “ஐயோ, என் பிள்ளைகள்! எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எப்படி…”

“இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ராயரே.”

ராஜா எழுந்து ராயரின் தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்தான். “அப்படியானால் வெட்ட வேண்டிய தலை இதுதான்!”

“சொன்னது அவர். முத்திரை குத்தியது யார், அரசே?”

ராஜா மெல்ல உட்கார்ந்தான். மூன்று தலைகளும் தப்பின. கொஞ்ச நேரத்தில் பழைய குணம் திரும்பியது. “உம் புத்திக்குப் பாதி ஊரையே பரிசாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளும்!” என்றான்.

“பாதி ஊர்தான் போய்விட்டதே, அரசே. எனக்கு ஒன்றே ஒன்று போதும். எந்த மாற்றத்தைச் சேர்க்க யார் சம்மதித்தாலும், அன்று அவர் அந்தக் குடிசையில் படுக்க வேண்டும். இன்று சம்மதிக்க வேண்டியவர் நீங்கள்.”

ராஜா வெளியே கொட்டும் மழையைப் பார்த்தான். பிறகு சாத்தியின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னான்.

“நீயே எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பாரம்மா. நான் காத்திருக்கிறேன்.”

அவள் ஓட்டிப் பார்த்தாள். அவன் காத்திருந்தான். கீழூரில்தான் யாரும் இல்லை.