பெண் வீட்டுப் பெட்டியும் மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியும்

திண்டுக்கல்லில், ஜெராக்ஸ் கடை மாடியில், இணையதளம் செய்து தரும் மூன்று மேதைகள் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். வேறு வியாதி கிடையாது.

பாவம், அமிர்தவல்லிக்கு அது தெரியாது. மகள் நிரஞ்சனாவுக்கு நாலு நாளில் கல்யாணம். சமையல்காரர், ஐயர், சொந்தபந்தம் எல்லோருக்கும் ஒரே கல்யாணப் பக்கம் என்று முடிவாகியிருந்தது. இரண்டு வீட்டுத் தகவலும் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொன்றும் பெட்டிக்குள் பெட்டி: சாப்பாடு என்றொரு பெட்டி, அதற்குள் காலை, மதியம், அதற்குள் பதார்த்தங்கள்.

"ரெண்டையும் சேருங்க தம்பி. ஒரே பேர்ல ரெண்டு வந்தா மாப்பிள்ளை வீட்டுது நிக்கட்டும்," என்றாள். சம்பந்தி மரியாதை.

சாயங்காலம் சமையல்காரர் போன் செய்தார். எண்ணூறு பேருக்கும் சர்க்கரையில்லாத பாயசம் மட்டும் போதுமா என்று கேட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்காக அந்த வீட்டார் எழுதிய ஒரே வரி அது.

அமிர்தவல்லி மாடியேறி, தன் வீட்டுச் சாப்பாடு எங்கே என்றாள்.

"ரெண்டு பெட்டிக்கும் பேரு சாப்பாடுதானே மேடம்," என்றான் தலைவன் தட்சிணாமூர்த்தி. "அவங்களோடது நிக்குது. உங்களோடத தூக்கிப் போட்டாச்சு."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கலையா?"

"அடுத்தவங்க பெட்டியத் திறக்கலாமா மேடம்?" என்றான் வேலப்பன், வருத்தத்தோடு.

பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாப் பெட்டியையும் திறந்து, அடி வரைக்கும் போய், உள்ளே இருப்பதைச் சேர்க்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். மேதைகள் ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

"மணமக்கள்னு ஒரு பெட்டி இருக்கு. பொண்ணு வீட்டுல ஒண்ணாம் நம்பர் நிரஞ்சனா. மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணாம் நம்பர் கதிரேசன்."

"ரெண்டும் ஒண்ணாம் நம்பர்னா ஒரே ஆளுதான். பேரு, வயசு மாப்பிள்ளை வீட்டுது."

"சேலை?"

"அது பொண்ணு வீட்டுல மட்டும்தான இருக்கு. சேத்துரு. எதையும் தூக்கிப் போட்டா அந்தம்மா திட்டும்."

மறுநாள் கல்யாணப் பக்கத்தில் அவள் வீட்டு இருபத்திரண்டு பதார்த்தமும் இருந்தன. அமிர்தவல்லிக்குப் போன உயிர் வந்தது. கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தாள். மணமக்கள்: கதிரேசன், வயது இருபத்தொன்பது, மெக்கானிக்கல் என்ஜினியர், அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, இரண்டு கையிலும் மருதாணி. அவ்வளவுதான்.

போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, தன் பெண் எங்கே என்று.

"உள்ளதான் இருக்காங்க மேடம்," என்றான் தட்சிணாமூர்த்தி, ஆறுதலாக. "மருதாணி அவங்களோடது."

போனை வைத்த உடனே ஐயர் கூப்பிட்டார். பக்கத்தைப் பார்த்தாராம், காலம் மாறிவிட்டது, அவருக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லையாம்.

"தாலிய மாப்பிள்ளையே தனக்குக் கட்டிண்டுடட்டும்மா. மூணாம் முடிச்சு போட நாத்தனார் வேணுமே, அவரோட சொந்தத் தங்கையையே கூப்பிட்டுடலாமா?"