வருகிறவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர்

ஏகாம்பரம் மாதம் ஒருமுறை அம்மையின் மடத்துக்கு வருவார். வந்தால் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு, நேரே பந்திக்கு இலை போடப் போய்விடுவார். அன்றைக்குக் கால்கூடக் கழுவாமல் அம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

நகரமைப்பு அலுவலகத்தில் அவருக்கு வேலை. இருபது வருடம் கழித்து ஓர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டு வைக்கிற உத்தியோகம். அம்மை அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் குரு என்று அவர் மனம் ஒப்பியது அந்த மனுஷியைத்தான்.

“அம்மா, வரப்போற ஜனங்களை எண்ணுறது பாவமா?”

“எண்ணாம எப்படி உலை வைக்கிறது? நானும்தான் தினமும் எண்ணுறேன். என்ன ஆச்சு, சொல்லுங்க.”

சொன்னார். மணலேரி என்று ஒரு சின்ன ஊர். அங்கே மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கட்டட வேலைக்கு வந்தவர்கள் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களும் ஊர்க் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். ஊர் இரண்டு மடங்காகிவிட்டது என்றது காகிதம். ஏகாம்பரம் யோசிக்கவில்லை, ஊர் அதே வேகத்தில் வளரும் என்று வரைபடத்தில் கோட்டை மேலே இழுத்துவிட்டார். கோடு போன போக்கில் மணலேரி பெரிய நகரமாகிவிட்டது. அந்த நகரத்துக்கு மனை வேண்டுமென்று ஏரிக்கரைக் குடியிருப்பைக் காலி செய்தார்கள்.

“வேலை முடிஞ்சதும் கொட்டகையைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. நான் சொன்ன ஜனம் வரவே இல்லை. தெருவுக்குத் தெரு பேர்ப்பலகை நிக்குது. நடுத் தெருவில ஆடு படுத்திருக்கு.”

“கரையில இருந்தவங்க?”



“வேலப்பன்னு ஒருத்தர். காலி பண்ற அன்னைக்கு நானும் போயிருந்தேன். வீட்டைக் கூட்டி, வாசல் தெளிச்சு, ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து உள்ளே வச்சார். எதுக்குன்னு கேட்டேன். ‘வர்றவங்க தாகமா வருவாங்க சார்’னார். மறுநாள் அந்த வீட்டை இடிக்கப் போறாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

“நீங்க அந்தத் தண்ணியைக் குடிச்சீங்களா?”

“இல்லம்மா. ஜீப் காத்துக்கிட்டிருந்தது.”

“இப்போ எங்கே இருக்கார்?”

“மேட்டுக்காட்டில இடம் கொடுத்தாங்க. அங்கே லாரித் தண்ணிதான். போன கோடையில செத்துப்போனார்.”

பந்திக்கு ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அம்மை எழுந்து போய், வரிசையின் நடுவே தன் கையாலேயே ஓர் இலை போட்டார். சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். ஆள் உட்காராத இலையில் பரிமாறுவது அந்த மடத்தில் வழக்கமில்லை.

ஏகாம்பரம் பதறிப்போனார். “அம்மா, ஆளில்லாத இலைக்குப் பரிமாறினா அது படையலாயிடுமே!”

“படையல்தான்.”

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். அந்த இலை மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்தது. ஏகாம்பரம் அதன் எதிரே உட்கார்ந்து அழுதார். ஐம்பது தாண்டிய மனிதர், கை கழுவப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, விக்கி விக்கி அழுதார். அம்மை அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் ஏகாம்பரம் வந்த விஷயத்துக்கே வந்தார்.

“இப்போ நெல்லிக்கோம்பைக்கு எண் கேக்குறாங்கம்மா. அங்கே தொழிற்சாலை வருதாம். குளத்தங்கரையில ஜனங்க குடியிருக்காங்க. கூட்டி எழுதினா அவங்களைக் கிளப்பிடுவாங்க. குறைச்சு எழுதி, நிஜமாவே ஆளுங்க வந்துட்டா, குழாயில சொட்டுத் தண்ணி வராது. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டாகணும். நான் எதைத்தாம்மா எழுத?”

“நாளைக்கு இந்தப் பந்திக்கு எத்தனை பேர் வருவாங்கன்னே எனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு நான் எங்கே போக?”

“அப்போ நான் என்ன பண்றது?”

அம்மை படையல் இலையை மெதுவாக எடுத்து, காக்கைக்கு வைக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தார்.

“திங்கக்கிழமைக்குள்ள அந்தக் குளத்தங்கரைக்குப் போங்க. ஜீப்பைத் திருப்பி அனுப்பிடுங்க. ஏதாவது ஒரு வீட்டில தண்ணி வாங்கிக் குடிங்க. குடிச்சிட்டு வந்து எழுதுங்க.”