கவுளிக்குப் பேச்சு நின்ற நாள்

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு வரும். வரும் என்று சொல்வதுகூடக் குறைச்சல்தான். ஆரம்பித்தால் நிறுத்த வராது. மற்ற பிராணிகளும்தான் பேசின. மாடு தன் வயிற்றைப் பற்றிப் பேசும். நாய் அடுத்த தெரு நாயைப் பற்றிப் பேசும். காக்கை எல்லோரைப் பற்றியும் குறை பேசும். தனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற விஷயங்களை உட்கார்ந்து பேசியது பல்லி ஒன்றுதான்.

கடலோரத்து ஊர் ஒன்றில் வழிப்போக்கர்கள் தங்கிப் போவதற்காக மணல்மேட்டின் மேல் ஒரு கல் சாவடி கட்டியிருந்தார்கள். அதன் சுவரில் குடியிருந்த பல்லிக்குப் பெயர் கவுளி. சாவடிக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் பவளாயி. அவள் புருஷன் உடையான் உப்புப் பொதி ஏற்றிக்கொண்டு மேற்கே மலையடிவாரம் வரை போய்வருகிறவன். அவர்களுடைய ஒரே மகளை ஊரே நெத்திலி என்றுதான் கூப்பிட்டது. பிறந்தபோது நெத்திலி மீன் அளவுக்கு இருந்தாள் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னது அப்படியே பெயராக நிலைத்துவிட்டது.

சாவடிக்கு யார் வந்தாலும் கவுளி விடமாட்டாள். தேனெடுக்கிறவன் வந்தால், உங்கள் மலையில் இடியை யார் இடிக்கிறார்கள் என்று கேட்பாள். பானை விற்கிறவள் வந்தால், உங்கள் ஊரில் செத்தவர்களை உட்காரவைத்துப் புதைப்பீர்களா, படுக்கவைத்தா என்று கேட்பாள். எந்தக் கூட்டத்தார் நண்டு தின்னமாட்டார்கள், எந்த ராஜா எதனால் கிரீடம் வைக்காமல் தலையில் மீன்முள்ளைச் செருகிக்கொண்டான், நிலாவில் இருப்பது முயல் என்று யார் சொல்கிறார்கள், உரல் என்று யார் சொல்கிறார்கள், எல்லாம் அவளுக்கு வேண்டும். எதற்கு வேண்டும் என்று கேட்டால் பதில் கிடையாது. பசிக்கு எதற்குக் காரணம்?

"அடி கவுளி, மனுசரைச் சாப்பிட விடுடி. வாயில சோத்தை வச்சுக்கிட்டு உனக்கு எப்படிப் பதில் சொல்லுவாங்க?" என்று பவளாயி அதட்டுவாள். அதட்டிவிட்டு அவளும் கரண்டியும் கையுமாக அங்கேயே நின்று கேட்பாள். விளக்கு வைத்த பிறகு நெத்திலியைப் படுக்கவைப்பது கவுளியின் வேலை. அன்றைக்குக் கேட்ட கதையைத் தன் சரக்கையும் சேர்த்து அவள் சொல்ல, குழந்தை பாதியில் தூங்கிப்போகும். குழந்தை தூங்கியதுகூடத் தெரியாமல் கவுளி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கவுளிக்கு ஒரு பலவீனம் இருந்தது. ஒரே கதையை இரண்டு ஊர்க்காரர்கள் இரண்டு விதமாக முடித்துவிட்டால் போதும், அவளுக்கு அன்று கொண்டாட்டம். எது சரி, எது ஒட்டுப்போட்டது என்று வாலை ஆட்டிக்கொண்டு யோசிப்பாள். அப்படி அவளிடம் சிக்கியதுதான் கடல் பின்வாங்கிய கதை.

முதலில் அதைச் சொன்னவர் தூரத்துத் தீவிலிருந்து வந்த ஒரு மாலுமி. "எங்க தீவுல கடலுக்கு மூச்சு உண்டுன்னு சொல்லுவாங்க. எப்பவாவது ஒருதரம் மூச்சை உள்ள இழுக்கும். தண்ணி வத்தித் தரை தெரியும். இழுத்த மூச்சை விட்டுத்தானே ஆகணும்? விடும்போது ஊர் இருக்காது. அதனால எங்க பிள்ளைங்க முதமுதல்ல நடக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டி, குன்றைப் பாத்துத்தான் நடக்க விடுவோம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள் கவுளி.

"நான் பாக்கல. பாத்தவன் இருந்தாத்தானே சொல்றதுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கஞ்சியைக் குடித்தார்.

பார்த்தவன் ஒருவனும் மிஞ்சவில்லை என்றால் கதையை முதலில் சொன்னது யார்? கவுளிக்கு இந்த ஓட்டை உடனே கண்ணில் பட்டுவிட்டது. அவளுக்கு அதில் பெருமை வேறு.

பிறகு வடக்கிலிருந்து சங்கு வளையல் விற்கிறவர் ஒருவர் வந்தார். அவர் சொன்ன கதையிலும் கடல் பின்வாங்கியது. ஆனால் முடிவு வேறு. "கடல்ராசன் மக கல்யாணம் அது. பந்தலுக்கு இடம் வேணுமில்ல? தண்ணியை ஒதுக்கி வாசலைத் திறந்து விடுவாரு. கரையில இருக்கறவங்க போயி சங்கு, முத்து, மீன், எது வேணுமோ எடுத்துக்கலாம். சீர் வரிசை மாதிரி. கல்யாணம் முடிஞ்சதும் தண்ணி பையத் திரும்பிடும். எங்க ஊருல அதுக்குத் திருவிழாவே உண்டு."

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கவுளி அதையே கேட்டாள். பாதிப் பேர் மூச்சு என்றார்கள், பாதிப் பேர் கல்யாணம் என்றார்கள். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு தடவை, தன் ஆயுளுக்குள் ஒரே ஒரு தடவை கடல் பின்வாங்கினால் தேவலை என்று அவள் மனதுக்குள் ஏங்கினாள். ஆசைப்படுவதற்குக்கூட ஒரு அளவு வேண்டாமா? அவளுக்கு அது தெரியவில்லை.

ஒரு நாள் காலை, வெயில் ஏறிய பிறகு, அலைச் சத்தம் நின்றுபோனது.

ஊரில் பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம் அது. நின்றதும் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈரத் தரை பளபளத்தது. மீன்கள் துள்ளின. இதுவரை யாரும் பார்த்திராத பாறைகள் பாசி வடிய நின்றன. வாயைப் பிளந்து நின்ற ஊர், கொஞ்ச நேரத்தில் கூடையைத் தேட ஆரம்பித்தது. நாய்கள் மட்டும் ஒன்றுகூட இல்லை. அவை எப்போது மேற்கே போயின என்று யாரும் கவனிக்கவில்லை.

பவளாயி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுவரருகே ஓடிவந்தாள். "அடி கவுளி, இதைப் பத்தித்தானே வாரவன் போறவனையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த? உனக்குத் தெரியாததா? என்னடி இது? எல்லாரும் போறாங்க. நானும் போகட்டுமா, வேணாமா?"

கவுளியின் நாக்கில் இரண்டு கதையும் இருந்தன. தீவுக்காரர் கதையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. பவளாயி கூச்சல் போடுவாள். ஊர் மொத்தமும் மேட்டுக்கு ஓடும். வாசல் திறந்த கல்யாண வீட்டுக்குள் ஒருவரும் போகமாட்டார்கள். உள்ளே என்ன இருந்தது என்று வந்து சொல்ல ஆளே இருக்காது. இத்தனை காலம் காத்திருந்தது இதற்கா? தவிர, அந்தக் கதையில்தான் ஓட்டை இருக்கிறதே.

"போய்ப் பாரேன்" என்றாள் கவுளி. "பாத்துட்டு வந்து என்ன இருந்துச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்லு."

சொல்லிய வாய் மூடுவதற்குள் அவளுடைய கால்கள் தாமாகவே சுவரில் மேலே ஏறின. கூரையை ஒட்டிய இடத்துக்கு வந்த பிறகுதான், தான் ஏறி வந்திருப்பதே அவளுக்குத் தெரிந்தது. ஏன் ஏறினோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நெத்திலியும் வருவேன் என்று அழுதாள். முந்தின நாள் கெளுத்தி முள் குத்தி அவள் பாதம் வீங்கிக் கிடந்தது. "நடக்க முடியாதுடி என் கண்ணு. அம்மா உனக்குப் பெரிய சங்கா எடுத்தாறேன். கவுளியக்காகூட இரு" என்று சொல்லிவிட்டுப் பவளாயி முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். காற்றுக்காக விட்டிருந்த ஜன்னல் இடுக்கு வழியாகக் கவுளி பார்த்துக்கொண்டே இருந்தாள். பவளாயி போய்க்கொண்டே இருந்தாள். அந்தத் தரை அவ்வளவு தூரம் இருந்தது.

அடிவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

கோடு தடித்தது. கவுளிக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்தக் கணத்தில் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். தீவுக்காரர் சொன்னதுதான் சரி, கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் வால் துள்ளியது.

அதே நேரத்தில் தூரத்தில் பவளாயி நிமிர்ந்து சாவடியைப் பார்த்துத் திரும்பினாள். மடி நிறையச் சங்கு. அதில் பெரிதாக ஒன்றைக் கையில் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, இங்கே பார் என்பதுபோல ஆட்டிக் காட்டினாள். வெள்ளைக் கோடு அவள் முதுகுக்குப் பின்னால் சுவராக எழும்பிக்கொண்டிருந்தது.

கவுளி இடுக்கு வழியாகத் தலையை வெளியே நீட்டினாள். "ஓடு, பவளாயி, ஓடு" என்று அலறினாள். ஒரு பல்லியின் அலறல் எவ்வளவு தூரம் போகும்? சாவடியின் வாசலைக்கூட அது தாண்டவில்லை. பவளாயி இன்னும் சங்கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பதுகூடத் தெரிந்தது.

பிறகு அவள் இருந்த இடம் தெரியவில்லை.

தண்ணீர் மணல்மேட்டை ஏறி வந்தது. கவுளி கீழே பார்த்தாள். நெத்திலி பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"நெத்திலி, பரண்ல ஏறு."

குழந்தை ஏன் என்று கேட்கவில்லை. ஒற்றைக் காலால் உந்தி, அரிசிக் குதிரின் விளிம்பைப் பிடித்து ஏறி, பரண் பலகையில் குப்புற விழுந்தாள். அடுத்த நொடி கதவு பெயர்ந்துகொண்டு உள்ளே வந்தது. பாய் போனது, அடுப்பு போனது, பாத்திரங்கள் போயின. தண்ணீர் பரண் பலகையை நக்கி, அதற்கு மேல் ஏறாமல் நின்று, வந்த வழியே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது.

கல் சாவடி மட்டும் நின்றது. கீழே ஊர் இருந்த இடத்தில் ஒரு கூரைகூட இல்லை. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஒரு குரல் இல்லை.

கவுளி சுவரில் ஒட்டியபடியே விறைத்துப்போயிருந்தாள். கண்ணை மூட முடியவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவள் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. இந்தக் குழந்தையிடம் அவள் கதை சொல்லவில்லை. தீவுக்காரர் என்ன சொன்னார், வளையல்காரர் என்ன சொன்னார் என்று விளக்கவில்லை. ஏறு என்றாள், ஏறிவிட்டது. பவளாயிக்கும் அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டு வந்து சுவருக்கு முன்னால் நின்றாளே.

வெயில் சாய்ந்தபோது நெத்திலி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. "கவுளியக்கா" என்றாள். "கடல் உள்ள போயிட்டுத் திரும்பி வர்ற கதை. உனக்கு எல்லாக் கதையும் தெரியுமே. இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

குழந்தை குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. கவுளி தினம் தினம் வழிப்போக்கர்களைக் கேட்டாளே, அதே மாதிரி.

தெரியும் என்று சொல்லிவிட நினைத்துக் கவுளி வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தாள், மறுபடி ஒட்டிக்கொண்டது. வந்ததெல்லாம் ஒரே சத்தம்.

"ச்சு ச்சு ச்சு."

"என்னக்கா?" என்ற நெத்திலி, அவள் பக்கம் திரும்பி, விரலை மடக்கிப் பலகையைத் தட்டினாள். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு."

"ச்சு ச்சு ச்சு."

மறுநாள் உடையான் மலையடிவாரத்திலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தான். மகளைப் பரணிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியைத் தேடிக் கரை முழுக்க நடந்தான். கிடைக்கவில்லை. கடைசியில் உள்நாட்டில் ஒரு மேட்டூரில் குடிசை போட்டான். கவுளியக்கா இல்லாமல் வரமாட்டேன் என்று நெத்திலி அடம் பிடித்ததால் உப்புச் சாக்கில் ஒட்டிக்கொண்டு அவளும் வந்து சேர்ந்தாள். யார் வந்தாலும் போனாலும் அவள் எதையும் கேட்கவில்லை. கூரைக்கடியில் ஒதுங்கிக் கிடந்தாள்.

துக்கம் இருந்தால் வயிறு சும்மா இருக்குமா? ஒரு நாள் உடையான் மறுபடி உப்பெடுக்கக் கடற்கரைக்குக் கிளம்பினான். சாக்கைத் தோளில் போட்டு, நிலைப்படியில் ஒரு காலை வெளியே வைத்தான். கவுளிக்குச் சங்கைத் தூக்கிக் காட்டிய கை கண்முன்னால் வந்தது. கடல் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ச்சு ச்சு ச்சு."

"அப்பா, நில்லு. அக்கா என்னமோ சொல்லுது" என்று நெத்திலி தரையைத் தட்டினாள். உடையான் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டான். அப்பனும் மகளும் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கவுளி வாயைத் திறந்து திறந்து மூடினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உடையான் கிளம்பிப் போனான். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, சாயங்காலம் திரும்பி வந்துவிட்டான். அவன் வந்து சேரும்வரை கவுளி கண் இமைக்கவில்லை.

அன்று முதல்தான் பல்லிக்குப் பேச்சு கிடையாது. சுவரின் உச்சியில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல், நம்மைப் பார்த்து உச்சுக்கொட்டுவதோடு சரி. நாமும் அன்று முதல்தான் வாசல் தாண்டும் நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால், வைத்த காலை உள்ளே இழுத்து, விரலை மடக்கித் தரையைத் தட்டி, அது சொல்லிவிடும் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறோம்.